கன்னியம்மாள் பெயரில் வந்தவர்கள்

இராமதாஸ் கெட்டவனில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகப் போகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவன் உழவர்கரையில் ஒரு வீடு கட்டினான், வினை அங்கேதான் ஆரம்பித்தது. பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஷிப்டு பார்த்தவன். கீழே வண்டி விட இடம், மேலே வீடு என்று கட்டி முடித்து, பத்திரிகை அடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சமையல்காரருக்குச் சொல்லிவிட்டு வந்த வாரத்தில் ஊரடங்கு போட்டார்கள். புதுமனை புகுவிழாவுக்கு அவனும் மனைவி கமலாவும் மகள் பூர்ணிமாவும் ஐயரும்தான். பால் நன்றாகப் பொங்கியது, பார்க்கத்தான் ஆளில்லை. பத்திரிகைக் கட்டு பிரிக்காமல் பரணுக்குப் போனது. ஆசை ஆசையாக வீட்டைக் கட்டிவிட்டு ஒருத்தருக்கும் காட்ட முடியாதவனின் மனசு இருக்கிறதே, அதைக் கட்டிப் பார்த்தவனிடம்தான் கேட்க வேண்டும்.

மறு வருஷம் மே மாதம் இரண்டாவது அலை வந்து மறுபடி எல்லாம் மூடியது. கம்பெனியும் மூடியது. சொந்தக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம், திண்டிவனம் போகிற வழியில் இருந்தார்கள். கோரிமேட்டு மாநில எல்லையில் தடுப்பு வைத்துப் போலீஸ் நின்றது. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் விடுவார்கள், இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

இராமதாஸின் அக்கா கன்னியம்மாளிடம் அந்தச் சீட்டு இருந்தது. சீட்டுகூட இல்லை, புக்கு. அவளுக்கு நெஞ்சில் வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போட வேண்டும். மாதம் ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்து, அளவு சரியா என்று பார்த்து, அடுத்த மாதத்து மாத்திரையை வாங்கிப் போக வேண்டும். எல்லாம் அந்தப் பழுப்பு அட்டை போட்ட புக்கில் எழுதியிருக்கும். அட்டையில் பெயர், வயது, ஒரு நம்பர். படம் கிடையாது.

படம் இல்லை என்பதைக் கண்டுபிடித்தவள் கன்னியம்மாளின் மருமகள் கலைமகள். மே மாதம் பிறந்த உடனே ஏதோ மருந்து வாங்க அந்தப் புக்கோடு வந்தவள், அப்படியே மாமா வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மேலே ஏறி வந்தாள். போலீஸ்காரர் புக்கைத்தான் பார்த்தாராம், ஆளைப் பார்க்கவே இல்லையாம். பாதி முகம் மாஸ்க்கில் போய்விடுகிறது, மீதிக்கு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டால் யார் எவர் என்று பெற்ற தாய்க்கே தெரியாது என்று சொல்லிச் சிரித்தாள். இராமதாஸும் சிரித்தான். சிரித்துக்கொண்டே யோசித்தான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! பெரியப்பா மகள் வந்தாள். மயிலத்துச் சித்தி வந்தாள். கமலாவின் ஒன்றுவிட்ட அண்ணி வந்தாள். வந்த பெண்களெல்லாம் கோரிமேட்டில் கன்னியம்மாள், கூட வந்த ஆண்களெல்லாம் கன்னியம்மாளுக்குத் துணை. வரும்போது வழியில் கன்னியம்மாள் வீட்டில் வண்டியை நிறுத்திப் புக்கை வாங்கிக்கொள்வார்கள், போகும்போது அங்கேயே கொடுத்துவிட்டுப் போவார்கள். கன்னியம்மாளும் மோர் கொடுத்து, புக்கைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்து, கேட்டால் வால்வு என்று சொல்லுங்கள், வயது ஐம்பத்து நாலு என்று சொல்லுங்கள் எனப் பாடமும் சொல்லி அனுப்புவாள்.

இராமதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஷிப்டுக்காரன் வீட்டுக்கு விருந்து வந்தால் அவன் ஒன்று வேலையில் இருப்பான், இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டிருப்பான். முதல் தடவையாக அவன் வீட்டில் இருந்தான், வீடும் நிறைந்திருந்தது. ஒவ்வொருத்தரையும் அறை அறையாகக் கூட்டிப் போய்க் காட்டினான். தெற்கு ஜன்னலைத் திறந்து, காற்று வருகிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள் என்பான். வராவிட்டாலும் வருகிறது என்று சொல்லித்தான் ஆகவேண்டும். ஊரே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மாதத்தில் அவன் மாடியில் நுங்கும் மாம்பழமும் கேரம் போர்டுமாகப் போனது. வந்தவர்கள் யாருக்கும் சளிகூடப் பிடிக்கவில்லை. நமக்கெல்லாம் ஒன்றும் வராது என்று அவன் கமலாவிடம் சொன்னான், வாய்க்கொழுப்புத்தான்.

கடைசியாக வந்தவள் கமலாவின் தங்கை சரிதா. திண்டிவனத்திலிருந்து புருஷன், இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். முப்பத்தைந்து வயதுக்காரி ஐம்பத்து நாலாக இருமிக் காட்டி எல்லையைத் தாண்டிய கதையை வீட்டுக்குள் நுழைந்ததுமே நடித்துக் காட்டினாள். திங்கட்கிழமை காலையில் கிளம்புவதாகப் பேச்சு. ஆனால் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் போக மாட்டோம் என்று அழுதன. வெள்ளிக்கிழமைவரை இருந்துவிட்டுப் போகலாம் என்று இராமதாஸ்தான் பையைப் பிடுங்கி உள்ளே வைத்தான்.

அன்று மத்தியானம் மொட்டை மாடியில் பிரியாணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது கன்னியம்மாள் போன் செய்தாள். சரிதா கிளம்பிவிட்டாளா என்று கேட்டாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை அவளுக்கு ரத்தம் பார்க்கிற நாள், மாத்திரையும் தீரப்போகிறது. புக்கு வந்துவிட்டால் மகன் அருள்முருகனின் காய்கறி வண்டியிலேயே விடிகாலையில் போய்விடுவேன் என்றாள்.

புக்கு பிரிட்ஜ் மேல் இருந்தது. அருள்முருகன் தினமும் காய்கறி ஏற்றிக்கொண்டு உழவர்கரைக்கு வருகிறவன்தான். கூப்பிட்டுக் கொடுத்தனுப்பியிருக்கலாம். கொடுத்தனுப்பினால் சரிதா குடும்பம் திரும்பிப் போகும்போது எல்லையில் எதைக் காட்டும்? இன்றே அவர்களைக் கிளம்பச் சொல்ல வேண்டியிருக்கும். அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது, பிள்ளைகள் சுற்றி நின்றன. இராமதாஸ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஓ.பி. மூடிட்டாங்களாம்க்கா. கொரோனா கேஸ் மட்டும்தான் பாக்கறாங்களாம். வந்தாலும் திருப்பி அனுப்பிடறாங்களாம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"சரிடா" என்றாள் கன்னியம்மாள்.

அந்தப் பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. இராமதாஸ் இரண்டு தட்டு சாப்பிட்டான். பின்னால் எத்தனையோ நாள் அதை நினைத்து அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று நினைத்ததுண்டு.

கன்னியம்மாள் இருந்த மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சரிதா போகிற வழியில் புக்கைக் கொடுத்தாள். அடுத்த மாதம்தானே என்று அதை அலமாரியில் வைத்தார்கள். ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை, பால் பாத்திரத்தை எடுக்கக் கையை நீட்டியவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரேயடியாகப் போயிற்று. வால்வில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். பேச்சு ஆறு மாதத்தில் இழுத்து இழுத்துத் திரும்பி வந்தது. கையும் காலும் வரவில்லை.

பாழாய்ப்போன கொரோனா, ஓ.பி.யை மூடப்போய் நல்லா இருந்த பொம்பளை இப்படி ஆயிட்டா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பேசினார்கள். இராமதாஸும் கூட நின்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு அவனை என்ன செய்தாலும் தகும்.

மூன்று வருஷம் ஓடியது. மாதம் தவறாமல் லீவு போட்டுவிட்டு வேன் பிடித்துப் போய், அக்காவைத் தூக்கி உட்கார வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறவன் அவன்தான். பெற்ற மகன்கூட இப்படிப் பார்க்க மாட்டான், தம்பி என்றால் இவனல்லவா தம்பி என்று வரிசையில் நிற்கிறவர்களிடமெல்லாம் கன்னியம்மாள் சொல்வாள். சொல்லிவிட வேண்டும் என்று போகும்போது நினைப்பான், திரும்பும்போது அடுத்த மாதம் என்று வைப்பான். அக்காவுக்குத் தெரிந்தால் தன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று அவனுக்கு ஒரே பயம்.

ஆஸ்பத்திரி முடிந்ததும் வேன் உழவர்கரை வழியாகப் போகும். அவன் வீட்டு வாசலில் நிற்கும். படி ஏற முடியாது என்பதால் கமலா டிபனையும் காபியையும் கீழே வேனுக்கே கொண்டுவருவாள். கன்னியம்மாள் வேன் ஜன்னல் வழியாக மேலே பார்த்தபடி காபியைக் குடிப்பாள். அந்தத் தெற்கு ஜன்னலில் காற்று வருமா என்று கேட்பாள். வரும் அண்ணி என்பாள் கமலா.

போன மாதம் பழைய புக்கில் பக்கம் தீர்ந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் புதுப் புக்கில் எழுதுவதற்காகப் பழையதைப் புரட்டிக்கொண்டே வந்தாள். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் நின்றாள். ஏப்ரல் இருக்கிறது, அடுத்தது ஜூனில் அட்மிஷன், நடுவில் மே எங்கே என்று கேட்டாள்.

"ரத்தம் பாக்கற கவுண்டரை நாங்க ஒரு நாள்கூட மூடலையேம்மா. நான்தான் டூட்டியில இருந்தேன். ஏன் வரல?"

மூன்று வருஷமாக இராமதாஸ் எதற்குப் பயந்தானோ அது கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மாள் பதில் சொன்னாள்.

"சோம்பேறித்தனம்மா. நான்தான் வரல."

அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு தொடர்ந்து எழுதினாள். இராமதாஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து மரத்தடியில் நிறுத்தினான். அக்காவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஓ.பி. மூடவில்லை, நான்தான் பொய் சொன்னேன், புக்கு பிரிட்ஜ் மேலேயே இருந்தது, சரிதாவை இன்னும் நாலு நாள் இருத்திவைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினான். சொல்லச் சொல்லவே அழுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். அந்த வாசலில் அழுகிறவர்களை யாரும் ரொம்ப நேரம் பார்ப்பதில்லை.

"தெரியும்டா" என்றாள் கன்னியம்மாள்.

பக்கத்து வீட்டு ஜெயத்துக்கும் அதே கவுண்டர்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவள் மாத்திரையோடு வந்து, கூட்டமே இல்லை, நீயும் வந்திருக்கலாமே என்றாளாம். அப்போதே கன்னியம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பவே ஒரு போன் பண்ணியிருக்கலாம்லக்கா? நாலு திட்டு திட்டியிருக்கலாம்ல?"

"விருந்து இருக்கற வீட்டுல புக்கைக் குடுன்னா, அவங்களைக் கெளம்பச் சொல்றாப்பல ஆயிடாதா? எப்படியும் ரெண்டு மூணு நாள்ல கெளம்பிடுவாங்கன்னு நெனைச்சேன். வெள்ளிக்கெழம புக்கு வந்துச்சு. ஆனா மனசு விட்டுப்போச்சு. அலமாரியில வெச்சுட்டேன்."

அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் வாயின் ஒரு ஓரத்திலிருந்து வந்தது. இடது கையால் முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். இராமதாஸ் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, என்னை மன்னிச்சுடுக்கா என்றான். அவன் பிடித்திருந்தது உணர்வில்லாத கால்.

"நீ பொய் சொன்னதை நான் எப்பவோ விட்டுட்டேன்டா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த மாசம் என் பேரைச் சொல்லிகிட்டு எத்தினி பொம்பளைங்க உன் வீட்டுக்கு வந்தாங்க?"

அவன் மனசுக்குள் எண்ணினான். கலைமகள், பெரியப்பா மகள், சித்தி, கமலாவின் அண்ணி, சரிதா.

"அஞ்சு பேருக்கா."

"அஞ்சு கன்னியம்மா. எல்லாருக்கும் நான்தான் மோர் குடுத்து அனுப்புனேன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஒவ்வொருத்தியும் திரும்பி வந்து, ஜன்னல்ல காத்து அப்படி வருது, மாடி இப்படி இருக்குதுன்னு சொல்லுவாளுங்க. நாளைக்கு நீ கூப்புடுவ, நாளைக்குக் கூப்புடுவன்னு இருந்தேன்."

இராமதாஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மாதம் முழுக்க யார் யாரை அழைக்கலாம் என்று அவனும் கமலாவும் உட்கார்ந்து பேர் சொன்னதுண்டு. மூன்று வருஷம் அந்தப் பொய்யையே நினைத்து நினைத்து உருகியவனுக்கு, அந்தப் பேர்களில் அக்கா பேர் ஒரு நாளும் வரவில்லை என்பது இந்த நிமிஷம்தான் உறைத்தது. அவள் வந்தால் புக்கும் அவளோடு வந்து நின்றுவிடும், மற்றவர்கள் எப்படி வருவார்கள் என்று அப்போது யோசித்தார்களோ, அதைக்கூட யோசிக்கவில்லையோ, அவனுக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

"இன்னிக்குத் தூக்கிட்டுப் போறேன்க்கா. வா. வேன்காரரும் நானுமாத் தூக்கிடறோம்."

"மொத்தம் எத்தினி படிடா?"

"பதினெட்டு."

கன்னியம்மாள் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்து நேராக வைத்துக்கொண்டாள்.

"அப்ப கூப்பிட்டிருந்தா, நானே ஏறி வந்திருப்பேன்டா."