மரத்தடி ஊதாப்பூ

...எத்தனை பிடுங்கினாலும் இது தீர்வதாயில்லை, விரலை நுழைத்து ஒரு கொத்தை இழுத்தால் பக்கத்துக் கொத்தும் கூடவே எழும்புகிறது, தரையைப் பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டு, கணுக்கால் உயரம்கூட இல்லாமல், இத்தனூண்டு ஊதாப் பூக்களோடு... புல்கூட முளைக்காத மரநிழலுக்கு இதுதான் சரி, களையை அண்டவிடாது, வெயிலில் கருகினாலும் வேர் சாகாது, மறுவருஷம் தானே தழைக்கும் என்று சொல்லி மூத்தவள், கணவரின் முதல் மனைவி, நட்டாளாம். மூத்தவள் காய்ச்சலில் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. அவள் வாங்கிய திரைச்சீலை, அவள் அடுக்கிய அலமாரி, எல்லாவற்றோடும் இவள் ஒத்துப்போய்விட்டாள், இந்த ஒரு மூலையாவது தனக்கென்று இருக்கட்டுமே, ரோஜா வைக்கலாமே... "உன் இஷ்டம்" என்றார் கணவர், பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல். எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

வாசற்படியில் உட்கார்ந்து நாத்தனார் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். "ஏன் அண்ணி, அவ்வளவு பாடுபட்டு நட்டுட்டு நீங்களே பிடுங்குறீங்க?"

"நானா? நட்டது உங்க மூத்த அண்ணியாச்சே."

"அட ஆமால்ல... பின்னாடியிருந்து பார்த்தேனா, வாய் தவறிடுச்சு. அவங்களும் இப்படித்தான் தலையைச் சாய்ச்சு உட்காருவாங்க."

வாய் தவறியதுதான், வேறென்ன... தலையை நிமிர்த்தினாள், அது தானாகச் சாய்ந்தது, அப்படி வைத்தால்தான் கழுத்துக்கு இதமாக இருந்தது, கழுத்து வலி எப்போதிருந்து? மாடிவீட்டில் வளர்ந்தவள், தொட்டிச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியதில்லை, வேர் அறாமல் கொத்தை இரண்டாகப் பிளக்கக் கட்டைவிரலை எங்கே கொடுக்க வேண்டும் என்று யார் சொல்லித் தந்தார்கள்? பிளப்பதா? பிடுங்கத்தானே வந்தோம்... மண் சில்லென்றிருந்தது, காதோரம் யாரோ மூச்சு விடுவதுபோல், சேச்சே, தன் மூச்சுதான்...

நாத்தனார் எப்போது உள்ளே போனாள்? போதும் என்று கூடையைப் பார்த்தால், கூடை காலி. பிடுங்கியதெல்லாம் எங்கே? நடைக்கற்களின் இடுக்குகளில், வீட்டு வாசல் வரைக்கும், சின்னச் சின்னக் கொத்துகளாக, மண் அணைத்து, பக்குவமாக நட்டிருந்தது. இவள் கை அளவுக்கே மண்ணில் பதிந்த அழுத்தங்கள். கதவருகே கணவர் வந்து நின்றிருந்தார். கண் கலங்கி, இவளையே பார்த்தபடி... கல்யாணமாகி இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட அவர் தன்னை இப்படிப் பார்த்ததில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவ வேண்டும், இதெல்லாம் என்ன என்று கேட்க வேண்டும்... அவள் எழவில்லை. எழுந்தால் அந்தப் பார்வை போய்விடுமே.