கல்பாலத்தில் அறுபது பேர்

அந்தப் பழைய ஆற்றங்கரை ஊருக்கு வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது கல்பாலத்தின் நடுவில்தான். கோட்டைச்சுவர், ஓட்டு வீடுகள், பின்னால் மலை, எல்லாம் அங்கிருந்து ஒரே பார்வையில் விழும். முந்நூறு வருஷத்துப் பாலம் அது. அதைப் பார்த்துக்கொள்வது நகராட்சி இன்ஜினியரம்மாவின் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் பாலத்தின் அடியில் இறங்கினாள். நடு வளைவில் ஓடிய விரிசலுக்குக் குறுக்கே போன மாதம் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தாள். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும். வெள்ளிக்கிழமை முழுசாக இருந்தது, இப்போது இரண்டாகப் பிளந்திருந்தது. அண்ணாந்து பார்க்கும்போதே காரை பொலபொலவென்று தோளில் உதிர்ந்தது.

மேலே சிரிப்பும் கூச்சலும். மூன்று பஸ் கூட்டம், அறுபது பேருக்குக் குறையாது.

பாலம் விழப்போகிறது என்று கத்தினால் அடித்துப்பிடித்து ஓடுவார்கள். அந்த ஓட்டமே பாலத்தை இறக்கிவிடும். எதிர்க்கரை வாசலை மூடச் சொல்லிக் காவலாளிக்குப் போன் செய்தபடியே அவள் கரையேறினாள்.

அங்கே அவள் தம்பி கேமராவோடு நின்றிருந்தான். பயணிகளைப் படமெடுத்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். காலையிலிருந்து கூட்டத்தோடு கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவன். அவன் கூப்பிட்டால் வருவார்கள்.

"டேய், பாலத்துல இருக்கிற எல்லாரையும் இந்தக் கரைக்குக் கூட்டிட்டு வா. குரூப் போட்டோ, இலவசம்னு சொல்லு."

"ஓசியிலயா? என்னக்கா ஆச்சு உனக்கு?"

"கேள்வி கேட்காத. நாலு நாலு பேரா, மெதுவா வரணும். ஒருத்தரும் ஓடக் கூடாது."

முறைத்துவிட்டுப் போனான். நடுப்பாலத்தில் நின்று கைதட்டினான்.

"வாங்க சார், வாங்கம்மா! இன்னிக்கு உங்க அழகுக்கு நான் காசு வாங்கப் போறதில்ல!"

சிரித்துக்கொண்டே வந்தார்கள். பத்து, இருபது, நாற்பது. ஒரு பெரியவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியாக ஒரு புதுமணத் தம்பதி கைகோத்து, ஆடி அசைந்து கரை சேர்ந்தார்கள்.

தம்பி மட்டும் நடுவில். அவன் காலடியில் கல் ஒன்று நறுக்கென்றது. குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

"நடந்து வாடா," என்றாள்.

நடந்துதான் வந்தான். அவன் கரையில் கால் வைத்துக் கால்மணி நேரத்தில் நடு வளைவு இடிந்து ஆற்றில் விழுந்தது. தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பியது.

"தெரிஞ்சேதான் என்னை அனுப்புனியா?"

"ஆமா."

அதற்கப்புறம் அவன் ஒரு வாரம் அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. எட்டாம் நாள் வந்து வாசலிலேயே நின்றான்.

"உன் இடத்துல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சேன்," என்றான். "உன்னைத்தான் அனுப்பியிருப்பேன். அது தெரிஞ்சதுக்கு அப்புறம்தான்க்கா எனக்குத் தூக்கமே போச்சு."