இருபத்தைந்தாவது வரி

முதல் மணி அடித்து ஓய்வதற்குள் மழலைப் பிரிவு ஆயா மூச்சிரைக்க வந்து நின்றார். "டீச்சர், இன்னைக்கும் மூணு குழந்தைங்க வரல. வயித்தால போகுதாம். அந்தச் சுருட்டைமுடிக் குட்டிக்கு ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏத்திட்டு இருக்காங்களாம்."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அப்படியே போட்டுவிட்டு மழலைப் பிரிவின் வராந்தாவுக்கு ஓடினேன். எங்கள் குழாயில் ஒரு வாண்டு வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். அவனை இழுத்த இழுப்பில் அவன் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. குழாயை மூடி, கழுத்தில் கிடந்த துப்பட்டாவாலேயே அதைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். 

எங்கள் குழாய் என்றால் என் வகுப்பின் குழாய். பதினொன்றிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் பன்னிரண்டு பிள்ளைகள். தேர்வு வைத்துச் சலித்தெடுத்த கெட்டிக்காரர்கள். மற்ற ஆசிரியர்கள் எங்கள் பட்டறையை 'மூளைக்கூடம்' என்பார்கள். அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து தப்பு விடை எழுதியதே இல்லை. தாளில் ஜெயிக்கிறவர்களிடம் மரத்தையும் மணலையும் தண்ணீரையும் கொடுத்து, இவை நம் பேச்சைக் கேட்காது என்று காட்டுவதுதான் என் வேலை.

இந்த வருடம் மழைநீர். கூரையில் விழும் தண்ணீர் இரண்டு பெரிய டிரம்களுக்குள் இறங்கும். மேலே மணல், அடியில் ஜல்லி. மோட்டார் கிடையாது, மருந்து கிடையாது. மணலின் தலையில் வாரக்கணக்கில் வளரும் பழுப்புப் பாசிதான் கிருமிகளைத் தின்னும். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் வடிகட்டியின் உயிரே அதுதான். இதை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

என் பாணி அது. பட்டறைச் சுவரில் 'டீச்சரைக் கேட்காதே' என்று பெரிய எழுத்தில் பலகையே மாட்டியிருந்தேன். "நம்ம டீச்சர்கிட்ட மணி என்னன்னு கேட்டாக்கூட, வெளிய போய் நிழலை அளந்துட்டு வான்னுதான் சொல்வாங்க" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். அதைக் கேட்டு எனக்குப் பெருமை பிடிபடாது.

இரண்டு மாதம் தண்ணீரை ஓடவிட்ட பிறகு சோதனையைத் தொடங்கினோம். தினமும் காலையில், வடிந்த தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து, சோதனைத் தூளைப் போட்டு, ஒரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் சுத்தம். கறுத்தால் கிருமி. அதை நோட்டில் எழுத வேண்டும், நான் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது நாளும் சுத்தமென்றால் குழாயை மழலைப் பிரிவுக்குத் திறந்துவிடுவதாகத் தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். திறந்தும் விட்டார். ரிப்பன் வெட்டி மூன்று நாள்தான் ஆகிறது. நான் பல்லெல்லாம் தெரிய நிற்கும் படம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

நோட்டுக்குப் பொறுப்பு 'அளவுகோல்' என்று நாங்கள் கூப்பிடும் மாணவி. எப்போதும் ஸ்கேலும் கையுமாகத் திரியும் பன்னிரண்டு வயதுப் பெண். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்த வகுப்பில் யார் இருக்கலாம், யார் பழைய பள்ளிக்கே திரும்ப வேண்டும் என்று பார்ப்பார்கள். அந்தப் பட்டியல் வரும் வாரமெல்லாம் அவள் நகத்தைக் கடித்தே தீர்த்துவிடுவாள்.

பட்டறைக்குத் திரும்பியபோது அவள் மட்டும் நின்றிருந்தாள். அலமாரியில் எண் ஒட்டிய பாட்டில்களை எண்ணினேன். இருபத்து நான்கு.

"மீதி ஆறு எங்கடி?"

மேசைக்கு அடியிலிருந்து ஒரு செருப்பு டப்பாவை இழுத்தாள். ஆறு பாட்டிலும் தார் மாதிரி கறுப்பு.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. "கறுப்பைக் கண்ணால பாத்துட்டு நோட்டுல சுத்தம்னு எழுதினியா? அந்தப் பச்சைக் குழந்தைங்க குடிக்கிற தண்ணிடி! வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் அழவில்லை. நோட்டைத் திறந்து, ஸ்கேலை ஒரு வரிக்குக் கீழே வைத்தாள். இருபத்தைந்தாவது வரி. அங்கே 'சுத்தம்' என்ற சொல் அவள் எழுத்தில் இல்லை, என் எழுத்தில் இருந்தது.

ஞாபகம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு தலைமையாசிரியை டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, "விருந்தாளிங்க வர்ற நேரத்துல என்ன இது பாசி?" என்று முகம் சுளித்திருந்தார். நான் சிரித்து மழுப்பினேன். இருபத்தைந்தாம் நாள், கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓட்டமும் நடையுமாக வந்தேன். நோட்டில் அன்றைய வரி காலியாக இருந்தது. பக்கத்தில் பாட்டில். ஓரக்கண்ணில் அது இருட்டாகத் தெரிந்தது. ஜன்னல் நிழல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்து நான்கு நாள் சுத்தமாக இருந்தது இன்றைக்கா கெடப்போகிறது? நானே எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், போய்விட்டேன்.

"மேடம் மூஞ்சியச் சுளிச்சாங்கல்ல, அதான் மணலோட தலைய அள்ளிக் கழுவிட்டேன்" என்றாள். "அடுத்த நாள் பிடிச்ச பாட்டிலே கறுத்துடுச்சு. எனக்கு ஏன்னு புரியல. உங்களைக் கேக்கக் கூடாதே டீச்சர். அதனால வரியைக் காலியா விட்டு, பாட்டிலைப் பக்கத்துல வெச்சேன். நீங்க பாத்தீங்க. பாத்துட்டு சுத்தம்னு எழுதினீங்க."

"அதுக்கு?"

"உங்களுக்கு எல்லாம் தெரியும், நான் காரணத்தைக் கண்டுபிடிக்கிறேனான்னு பாக்கறீங்கனு நெனச்சேன். கண்டுபிடிக்கிற வரைக்கும் நோட்டுல அப்படித்தான் எழுதணும்போலன்னு நானும் எழுதினேன்."

"ரிப்பன் வெட்டும்போதாவது சொல்லியிருக்கலாமே?"

"இப்ப நிறுத்துவீங்க, இப்ப நிறுத்துவீங்கனு உங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னேன்." குரல் அப்போதுதான் உடைந்தது. "நீங்க கை தட்டினீங்க."



பத்து மணிக்குத் தலைமையாசிரியை அறை. அவள் அப்பாவை வேலையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். கிரீஸ் படிந்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "என் பொண்ணு பொய் சொல்லி நான் பாத்ததே இல்லீங்கம்மா" என்றார். "கேளுங்க, நீங்களே கேளுங்க. சொல்லு பாப்பா." பாப்பா வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

"எழுத்தெல்லாம் உங்க பொண்ணோடதுதான்" என்று தலைமையாசிரியை நோட்டை அவர் பக்கம் திருப்பினார். "இருபத்தாறுலேர்ந்து முப்பது வரைக்கும் பாருங்க. இனிமே இந்த வகுப்புல வெச்சிருக்க முடியாது." பிறகு என்னைப் பார்த்தார். "வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லைனு நினைக்கிறேன். குழந்தை பண்ணின தப்புன்னா பெத்தவங்க மன்னிச்சுடுவாங்க. வகுப்பும் நடக்கும்."

அவருடைய கட்டைவிரல் இருபத்தைந்தாவது வரியின் மேல் இருந்தது. தற்செயலாக வைத்த விரல் அல்ல.

நான் பேசாமல் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன். பதினோரு வருட உழைப்பு, மற்ற பதினோரு பிள்ளைகள், வகுப்பின் எதிர்காலம் என்று மனது நியாயங்களை வரிசையாக எடுத்துக் கொடுத்தது. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஒரு கோடு நகர்ந்தது. அளவுகோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிப்பன் வெட்டிய அன்றும் இப்படித்தான் பார்த்திருப்பாள்.

"மேடம், கட்டைவிரலை எடுங்க" என்றேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் நடக்க வேண்டியபடி நடந்தது. என் பெயர் போட்ட கடிதம் எல்லாப் பெற்றோருக்கும் போனது. ஐந்தாம் நாள் சுருட்டைமுடிக் குட்டி வீடு திரும்பினாள். அவள் அம்மா பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "நீங்கதானா அது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த பருவத்திலிருந்து மூளைக்கூடம் வேறொருவர் கைக்குப் போகிறது. அளவுகோலின் இடம் தப்பியது. அது ஒன்றுதான் மிச்சம்.

பருவம் முடியும்வரை வடிகட்டியை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். குழாயில் பூட்டுத் தொங்குகிறது. சுவரிலிருந்த பலகையை நானே கழற்றினேன். மணலின் மேல் பாசி மறுபடி மெல்லப் படர்கிறது. அது என்ன செய்கிறதென்று இந்த முறை முதல் நாளே பன்னிரண்டு பேருக்கும் வாயால் சொல்லிவிட்டேன்.

அளவுகோல் இப்போதும் தினமும் காலையில் நோட்டோடு வருகிறாள். முன்போல நின்று பேசுவதில்லை. இன்று நான் பேனாவை எடுத்ததும் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாட்டிலை என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"முதல்ல பாருங்க டீச்சர்."

பார்த்தேன்.

"என்ன கலர்னு சொல்லுங்க."

"கறுப்பு."

அதை எழுதினாள். எழுதிய பிறகுதான் கையெழுத்துக்கு நோட்டை என் பக்கம் தள்ளினாள்.