பின்னால பாரு, அண்ணே

அண்ணனின் கையைச் சட்டைக்குள் தம்பி மெதுவாக நுழைத்துக்கொண்டிருந்தான். விறைத்த முழங்கை மடங்க மறுத்தது. இருபது வருஷம் பஸ் ஓட்டிய கை. நேற்றுக் காலை பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர், படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரி அறையின் சுவரோரப் பெஞ்சிலிருந்த அண்ணி தம்பியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டது யார் குற்றம் என்பதில் தொடங்கிய சண்டை. ஆறு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆனால் போன் விளையாட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே அணி. தம்பி வெல்டர். வேலை முடிந்து வந்தால் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் ஜெயித்தே தீர வேண்டும் அவனுக்கு. மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் ஹெட்போனில் அண்ணன் குரல்: "நானும் வரலாமா?" தம்பி வா என்றும் சொல்லவில்லை, விலகியும் போகவில்லை. அண்ணன் தினமும் வந்தார். தினமும் முதல் ஆளாகச் செத்தார். ஆட்டத்தைத் தாண்டி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உள்ள வரலாங்களா?"

வாசலில் நின்ற பெண்ணை அவன் பார்த்ததே இல்லை. குரல் மட்டும் பழக்கம். அணியின் மூன்றாவது ஆள், நர்ஸ்.

"நீங்கதானே தம்பி?" என்றாள். அண்ணன் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒருநாள் கேட்டேன். உங்களுக்கு இந்த ஆட்டம் வரவும் இல்ல, பிடிக்கவும் இல்ல, எதுக்குண்ணே வர்றீங்கன்னு."

"என்ன சொன்னாரு?"

"எவனாவது சுட வந்தா என் தம்பி 'பின்னால பாரு, அண்ணே'ன்னு கத்துவான்மா. வேற எங்க அவன் என்னை அண்ணேன்னு கூப்பிடுறான்னாரு."

தம்பி சட்டைக் காலரைச் சரிசெய்தான். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தான்.

"அண்ணி, இவங்க... நாங்க மூணு பேரும் ஒண்ணா விளையாடுவோம். போன்ல."

அண்ணி இப்போதுதான் நிமிர்ந்தாள். "சாப்பிட்ட கையோட ரூமுக்குள்ள போயி தனியா சிரிப்பாரு. பஸ்காரங்க யாராவது பேசுறாங்கன்னு நினைச்சேன்." அவனையே பார்த்தாள். "உன்கூடவா?"

அவன் ஆமென்று தலையசைத்தான்.

அண்ணி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாள், இன்னும் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு.