ரோசிக்கு விரதமில்லை

கோவிலில் கொடியேறுகிற நாள், விடிவதற்கு முன்பே இராசேஸ்வரி குசினியைக் கழுவத் தொடங்கிவிட்டாள். மீன் சட்டிகள் இரண்டு, மீன் வெட்டுகிற கத்தி, மீன் கறிக்கென்று வைத்திருந்த அகப்பை, எல்லாவற்றையும் கடகத்தில் போட்டு விறகுக் கொட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இனிப் பதினைந்து நாளைக்கு அந்த வளவுக்குள் மீன் மச்சம் வராது. அம்மன் கோவிலைச் சுற்றியிருந்த கரம்பொன் ஊரின் வீடுகள் எல்லாவற்றிலும் அந்த நேரம் இதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

கடகத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது விறகுக்குப் பின்னால் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வீட்டு நாய் ரோசி படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, ஈரம் காயாத ஆறு குட்டிகள்.

"இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ. ரோசி குட்டி போட்டிட்டுது."

அவளுடைய கணவர் செல்வரத்தினம் கிணற்றடியிலிருந்து ஈர வேட்டியோடு வந்தார். அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், கோவில் பரிபாலன சபையின் காரியதரிசியும் கூட. குந்தியிருந்து இரண்டு தரம் எண்ணினார்.

"ஆறு. கொடியேத்தத்தண்டைக்கு ஆறு குட்டி. இது அம்பாள் தந்தது, இராசேஸ்."

எட்டு மணிக்கு முன்னமே ஒழுங்கை முழுவதற்கும் கதை பரவிவிட்டது. ஊரில் ரோசிக்கு நல்ல பேர். ஆள் தெரியாத காலடி ஒன்று ஒழுங்கையில் விழுந்தால் போதும், மூன்று வீட்டுக்கு முன்னாலேயே குரைத்து எழுப்பிவிடும். ஆமி எப்போது வரும் என்று தெரியாத எண்பத்தைந்தாம் ஆண்டில் அப்படிப்பட்ட நாய் ஒன்று வீட்டில் நிற்பது பெரிய தைரியம். அதனால் குட்டிகளுக்குப் போட்டி. வெள்ளைக் கால் குட்டியை மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். அது இராசேஸ்வரியின் வகுப்பு மாணவி அம்பிகைக்கென்று முடிவாயிற்று.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் மாக்கிறேற்றின் வீடு. மாக்கிறேற் வேதக்காரி, கிறிஸ்தவள்; மீன் விற்பவள். அவளுடைய கணவன் சில்வெஸ்ரர் கடலுக்குப் போகிறவன். அன்று மத்தியானம் அவள் வேலிக்கு மேலால் ரோசியின் தகரத் தட்டை எட்டிப் பார்த்தாள். மிஞ்சிய சோறும் சொதியும், அதன் மேல் கஞ்சித் தண்ணியும்.

"என்ன ரீச்சர், பிள்ளை பெத்தவளுக்கு இதோ சாப்பாடு?"

"கொடியேறியிட்டுதெல்லே மாக்கிறேற்றக்கா. மச்சம் இல்லை."

"ரோசியெண்டு பேரை மட்டும் வேதத்திலை வைச்சுப்போட்டுச் சாப்பாட்டைச் சைவத்திலை போடுறியள்."

இராசேஸ்வரி சிரித்துவிட்டாள். மாக்கிறேற் சிரிக்கவில்லை.

மற்ற நாட்களிலும் ரோசிக்கு மிஞ்சியதுதான் கிடைத்தது. ஆனால் அந்த நாட்களில் மிஞ்சியதில் மீன் தலையும் முள்ளும் இருந்தன. இப்போது வெறும் சோறும், சொதியில் வெந்த வெங்காயமும் மிளகாயும், உப்பும்தான். செல்வரத்தினத்துக்கு இது குறையாகத் தெரியவில்லை. பெருமையாகவே தெரிந்தது. கோவில் மடத்தில் நாலு பேருக்கு முன்னால் சொல்லியும் விட்டார்.

"எங்கடை வீட்டிலை நாயும் விரதம். கொடியேறினால் ரோசி மச்சம் தொடாது."

நாலாம் நாள் ரோசியின் விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. குட்டிகள் முலையை விட்டுவிட்டுக் கத்தின. திரும்பவும் பிடித்தன, திரும்பவும் கத்தின. ஐந்தாம் நாள் காலையில் ஒரு குட்டி அசையாமல் கிடந்தது.

செல்வரத்தினம் அதைப் பூவரசடியில் புதைத்தார். கல்நெஞ்சக்காரர் அல்ல அவர். அன்று பின்னேரம் சங்கக்கடையிலிருந்து இரண்டு பைக்கற் கிறீம் பிஸ்கற்றும் ஒரு ரின்பாலும் கொண்டு வந்தார்.

"கடையிலை உள்ளதுக்குள்ளை நல்ல சாமான் இதுதான். குடுத்துப் பாரும்."

ரோசி ஆவலோடு தின்றது. பிஸ்கற்றின் கடதாசியைக்கூட நக்கியது. அடுத்த நாள் முழுக்க வயிற்றோட்டம். பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தது.

"விலையான சாமான் குடுத்தும் ஒத்துக்கொள்ளேல்லையே" என்று செல்வரத்தினம் குழம்பினார்.

ஏழாம் நாள் அவர்களுடைய உபயம். அன்றைய திருவிழாச் செலவு அவர்களுடையது. மேளக்காரரும் சபைக்காரரும் காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார்கள். முற்றத்தில் பாய் விரித்து வாழை இலை போட்டாயிற்று. செல்வரத்தினம் பட்டு வேட்டியோடு நின்று பரிமாறச் சொல்லிக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரம் பின்வேலியில் கிடுகு விலகியிருந்த பொட்டுக்குள்ளால் ரோசி வந்தது. வாயில் ஒரு சூடை மீன்.

அது யாரையும் பார்க்கவில்லை. இலைகளுக்கு நடுவால் நேரே நடந்து, மேளக்காரரின் காலைத் தாண்டி, விறகுக் கொட்டிலுக்குள் போயிற்று.

எல்லாத் தலைகளும் அதன் பின்னால் திரும்பின. பிறகு நாதஸ்வரக்காரர் சொன்னார்: "மனேச்சர், உங்கடை நாய் விரதம் முடிச்சிட்டுதாக்கும்."

முற்றமே சிரித்தது. செல்வரத்தினத்தின் முகம் கறுத்துப் போயிற்று. வந்தவர்கள் போனதும் சங்கிலியைக் கொண்டுவந்து ரோசியைக் கொட்டில் தூணில் கட்டினார்.

"கொடி இறங்குமட்டும் அவிழ்க்கக் கூடாது" என்றார்.

இராசேஸ்வரி எச்சில் இலைகளை எடுத்தாள். அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம். இராசேஸ்வரி தன் கையால் கீறிய நிறையுணவுப் படத்தைச் சுவரில் மாட்டினாள். ஒரு வட்டத்துக்குள் சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை.

"பிள்ளையளுக்குப் பால் குடுக்கிற தாய்க்கு எது கூடத் தேவை?"

அம்பிகை எழும்பினாள். "புரதம் ரீச்சர். மீன், முட்டை, பருப்பு. அது குறைஞ்சால் தாயின்ரை உடம்பு கரையும், பாலும் குறையும்."

"சரி, இரும்."

அம்பிகை நின்றபடியே கேட்டாள். "ரீச்சர், என்ரை வெள்ளைக் கால் குட்டி பால் குடிக்குதோ?"

இராசேஸ்வரியின் கையிலிருந்த பிரம்பு படத்தின் மீன் மேலேயே நின்றது. பன்னிரண்டு வருடமாக இந்தப் பாடத்தை அவள் படிப்பிக்கிறாள். ஒரு வகுப்பும் பிழை விட்டதில்லை. பிழை அவளுடைய வீட்டு விறகுக் கொட்டிலில், சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தது.

மணி அடித்ததும் சைக்கிளை மிதித்தாள். எதிர்க்காற்று. சேலைத் தலைப்பு பறந்தது. வீட்டுக்குப் போனதும் பையை விறாந்தையில் எறிந்துவிட்டுக் கொட்டிலுக்கு ஓடினாள். வெள்ளைக் கால் குட்டி மற்றவற்றிலிருந்து விலகிக் கிடந்தது. தொட்டாள். குளிர்ந்திருந்தது. ஆனால் வயிறு மெல்ல ஏறி இறங்கியது.

அவள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. சங்கிலியை அவிழ்த்தாள். வெள்ளைக் கால் குட்டியை நெஞ்சோடு அணைத்து, மற்ற நாலையும் கடகத்தில் தூக்கிக்கொண்டு பின்வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்தாள். ரோசி தள்ளாடிக்கொண்டு பின்னால் வந்தது.

"மாக்கிறேற்றக்கா, மீன் இருக்கோ?"

மாக்கிறேற் குட்டியைப் பார்த்தாள், ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கு வந்த பகிடியை விழுங்கிவிட்டாள். "காரைநகர்ப் பக்கம் நேவி நிக்குது. தூரத்துக்குப் போக ஏலாது. சூடை மட்டும்தான் கிடக்கு."

"சூடை போதும். திறமான மீன் அது. நான் சமைக்கிறன்."

"விரதக்காரி நீங்கள் மீன் தொடுவியளோ?"

"தொடுறன். பிறகு கிணத்தடியிலை தோஞ்சிட்டுப் போறன்."

மாக்கிறேற் குட்டியைச் சாக்கில் சுற்றி அடுப்புக்குக் கிட்ட வைத்தாள். இராசேஸ்வரி சூடைகளின் குடலை எடுத்துக் கழுவி, தண்ணீரில் போட்டாள். மாக்கிறேற் பழக்கத்தில் உப்புச் சிரட்டையை நீட்டினாள்.

"வேண்டாம் அக்கா. உப்பும் வேண்டாம், மிளகாயும் வேண்டாம். வெங்காயம் நாய்க்குக் கூடவே கூடாது. அது ரத்தத்தைக் கெடுக்குமெண்டு முந்திப் படிச்சனான், கவனிக்காமல் விட்டிட்டன்."

"அப்ப ருசி?"

"ருசி எங்களுக்கு."

மீனைப் பூசணித் துண்டோடு நன்றாக அவித்தாள். ஆறியதும் ஒவ்வொரு முள்ளாக விரலால் நசித்துப் பார்த்து, நசியாததை எடுத்து எறிந்தாள். சதையைக் குழைந்த சோற்றோடு பிசைந்தாள். முதலில் ஒரு கைபிடிதான் வைத்தாள். ஓடிக்கொண்டிருந்த வயிறு. பக்கத்தில் ஒரு சட்டி நிறையத் தண்ணீர். ரோசி தின்றது, குடித்தது, திரும்பவும் தட்டை நக்கியது. ஒரு மணித்தியாலம் விட்டு இன்னொரு கைபிடி.

மாக்கிறேற் மீன் நிறுக்கிற தராசைக் கொண்டு வந்தாள். தட்டில் துணி விரித்துச் சூடேறிய வெள்ளைக் கால் குட்டியை வைத்தார்கள். முந்நூறு கிராமும் இல்லை.

"தேரண்டைக்கு அரைக் கிலோ ஆக்கிக் காட்டுறன்" என்றாள் இராசேஸ்வரி. சொன்ன பிறகு தராசின் முள்ளை இன்னொரு தரம் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், செல்வரத்தினம் கோவிலுக்குப் போன கையோடு அவள் வேலி தாண்டினாள். பகலில் மாக்கிறேற் பார்த்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு நாலு தரம், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. மீன் இல்லாத நாளில் மாக்கிறேற்றின் கோழி முட்டையை அவித்துப் போட்டார்கள். "ரோசி எங்கை?" என்று கணவர் கேட்டபோது, "மாக்கிறேற்றக்கா பாக்கிறா" என்று மட்டும் சொன்னாள். மீன் கொண்டு வந்த அவமானத்தில் இருந்தவருக்கு நாய் கண்ணில் படாதது நிம்மதியாக இருந்தது.

முந்நூற்றைம்பது. அடுத்த நாள் முந்நூற்றுத் தொண்ணூறு. சில்வெஸ்ரர் கடலால் வந்தவுடன் வலையைக்கூட உதறாமல், "இண்டைக்கு எத்தினை?" என்று கேட்டான். நானூற்று முப்பது. ரோசியின் மயிர் பளபளத்தது. ஒழுங்கையில் ஒரு சைக்கிள் போனதற்குப் பழைய மாதிரிக் குரைத்தது.

தேர் நாள் வந்தது. தேர் தன் இருப்பிடத்துக்குத் திரும்பி வந்து, வடத்தைச் சுருட்டும் நேரமாகியும் இராசேஸ்வரியைக் காணவில்லை. செல்வரத்தினம் வெறுங்காலோடு சுடுமணலில் நடந்து வீட்டுக்கு வந்தார். குசினியில் ஆள் இல்லை. பின்வேலிக்கு அந்தப் பக்கம் புகையும் மீன் அவிகிற மணமும் வந்தன. பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்தார். அவருடைய மனைவி, நெற்றியில் விபூதியோடு, மீன் பானைக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"இராசேஸ்வரி, நீர் என்ன வேலை பாக்கிறீர்? தேரண்டைக்கு மச்சமோ?"

அவள் எழும்பினாள். கையை மறைக்கவில்லை.

"இது எனக்கில்லை, ரோசிக்கு. நான் விரதம். நீங்களும் விரதம். எங்களுக்கு ஒரு நேத்தி இருக்கு, அதை நாங்கள் விரும்பிப் பிடிக்கிறம். ரோசி ஆருக்கும் நேத்தி வைக்கேல்லை. எங்கடை விரதத்தை அதின்ரை வயித்திலை கட்டிவிட்டம். அதிலை ஒரு குட்டி செத்துப்போச்சு."

"நான் பிஸ்கற் வாங்கித் தந்தனானெல்லோ?"

"தந்தனீங்கள். அது எங்களுக்கு நல்ல சாமான். அதுக்குப் பால் ஊறுற சாமான் இல்லை. சீனியும் மாவும்தானே அது. விலையைப் பாத்தீங்கள், நானும் பாத்தன். ரெண்டு பேரும் நாயைப் பாக்கேல்லை."

செல்வரத்தினம் வாய் திறந்தார். அதற்குள் மாக்கிறேற் தராசோடு வந்துவிட்டாள். அவள் வேண்டுமென்றே அவரைக் கவனிக்காதவள் போல அரைக்கிலோப் படிக்கல்லை ஒரு தட்டில் வைத்தாள். மற்றத் தட்டில் வெள்ளைக் கால் குட்டியை வைத்துத் தூக்கினாள்.

தராசு ஆடியது. படிக்கல் கீழே போயிற்று. மேலே வந்தது. குட்டி கொட்டாவி விட்டது.

"ஆட்டாமைப் பிடியும்" என்றார் செல்வரத்தினம்.

இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வேலிப் பொட்டுக்குள்ளால் பாதி உடம்பை நுழைத்திருந்தார். பட்டு வேட்டி கிடுகில் மாட்டியிருந்தது.

முள் நடுவுக்கு வந்தது. நின்றது. பிறகு மெல்லக் குட்டியின் பக்கம் சாய்ந்தது.

"தாண்டியிட்டுது" என்றார் அவர். "இராசேஸ், அரைக் கிலோ தாண்டியிட்டுது."

"ஓம் மனேச்சர் ஐயா, தாண்டியிட்டுது" என்றாள் மாக்கிறேற். "வேட்டியைப் பாருங்கோ, அதுவும் தாண்டப்போகுது."

அவர் வேட்டியை விடுவித்துக்கொண்டு முழுதாக உள்ளே வந்தார். ரோசியின் முன்னால் குந்தியிருந்தார். அது ஒரு கணம் தயங்கியது. பிறகு அவருடைய கையை நக்கியது. பூவரசடியில் புதைத்த குட்டி அவருடைய நினைவுக்கு வந்தது. நெடுநேரம் ரோசியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் போயிற்று. ஐந்து குட்டிகளும் முற்றத்தைப் பிய்த்து எடுத்தன. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டி கேட்டவர்கள் வந்தார்கள். செல்வரத்தினம் கதிரையை வாசல் படலையடியில் போட்டு இருந்துகொண்டார். முதலில் வந்தவர் தம்பிராசா.

"குட்டிக்கு என்ன குடுப்பியள்?" என்று செல்வரத்தினம் கேட்டார்.

"இதென்ன கேள்வி மனேச்சர்? வீட்டிலை மிஞ்சிறதைப் போடுறதுதானே."

"அப்ப உங்களுக்குக் குட்டி இல்லை."

தம்பிராசா பகிடி என்று நினைத்துச் சிரித்தார். செல்வரத்தினம் சிரிக்கவில்லை.

"பகிடி இல்லைக் காணும். மிஞ்சினது வேறை, சாப்பாடு வேறை. எங்கடை உப்பும் உறைப்பும் வெங்காயமும் அதுக்கு நஞ்சு. கடைப் பிஸ்கற் பவிசுக்கு. உங்கடை உலையிலை ஒரு பிடி அரிசி கூடப் போடும். சட்டியிலை உப்புப் போடமுதல் அதின்ரை பங்கு மீனை எடுத்து வையும். மச்சம் இல்லாத நாளெண்டால் பருப்பை நல்லா அவிச்சுக் குடும், இல்லாட்டி அயலட்டையிலை ஆரிட்டையும் கேளும். நல்ல தண்ணி எந்த நேரமும் இருக்கவேணும். இதுக்கு ஓமெண்டால் குட்டியைத் தூக்கும்."

தம்பிராசா தலையைச் சொறிந்தார். "மனுசருக்குக்கூட இவ்வளவு பாக்கிறேல்லை."

"மனுசருக்குப் பசிச்சால் வாய் திறந்து கேப்பினம். வாயில்லாததைக் கட்டி வைச்சு வளக்கிற நாங்கள்தான் அதுக்கு என்ன வேணுமெண்டு யோசிக்க வேணும். எங்களுக்கு லேசானதைப் போட்டிட்டு வளக்கிறம் எண்டு சொல்லப்படாது."

வேலிக்கு மேலால் மாக்கிறேற் எட்டிப் பார்த்தாள். "ரீச்சர், உங்கடை மனுசன் பாடம் எடுக்கிறார்."

"பள்ளிக்கூடத்தைவிடத் திறமாய் எடுக்கிறார்" என்றாள் இராசேஸ்வரி குசினியிலிருந்து. அடுப்பில் மீன் சட்டி இருந்தது. அதில் இன்னும் உப்புப் போடவில்லை. அவள் முதலில் ரோசியின் பங்கை எடுத்து வைத்தாள்.