மௌனத்தோடு வார்டுக்குப் போனவர்

அன்று மாலை தியானக் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். குழுவின் செயலாளர் ஜன்னலோரம், மடியில் எழுதுபலகையோடு. கூடத்துக்கு மாடியைக் கொடுத்த தையற்கடையம்மா, முட்டிவலியால் ஸ்டூலில். தியானத்துக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற செயலாளரின் மைத்துனர், எலக்ட்ரீஷியன், சாட்சி சொல்ல வந்தவராக வாசற்படியில். நடுவே, பறந்துவிடாமல் கத்தரிக்கோலைப் பாரமாக வைத்து, நர்ஸின் கடிதம்: “வருகிறவர் பேச வேண்டும். பேசாதவர் வர வேண்டாம்.”

தினமும் விடிந்தது முதல் காலை ஒன்பது மணி அடிக்கும்வரை குழுவினருக்கு மௌனம். கை வழங்காத நோயாளிகளுக்குக் காலைச் சாப்பாடு ஊட்ட ஆஸ்பத்திரியில் ஆள் கேட்டார்கள் என்று செயலாளர் கிளம்பிப் போனார். மௌனத்தையும் கூடவே அழைத்துப் போனதுதான் வினை.

“என்னதான் நடந்துச்சு?” என்றார் அம்மா.

அந்த நேரம் வார்டில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்த மைத்துனர் முந்திக்கொண்டார். “ரெண்டு கையிலயும் மாவுக்கட்டோட ஒரு லாரி டிரைவர், அக்கா. ‘டாக்டர் என்ன சார் சொன்னாரு?’ன்னு கேட்டாரு. நம்ம மச்சான் கண்ணை மூடி ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க! ‘ஐயோ, நான் போய்ச் சேரப்போறேன், பொண்டாட்டியைக் கூப்பிடுங்க’ன்னு வார்டே அதிர அழுகை.”

செயலாளருக்குக் காது சூடேறியது. டிரைவருக்கு எலும்பு நன்றாகக் கூடிவருகிறது என்று நர்ஸ் சொல்லித்தான் உள்ளே விட்டிருந்தார். அவர் கேட்டபோது பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வருடக்கணக்காக ஒரு காலைகூடத் தவறாத மௌனம். அதை ஒரு கட்டிலடியில் போட்டு உடைக்க மனம் வரவில்லை.

“அதான் அன்னைக்கே சொன்னேன். ஊட்டிவிட ஊர்ல ஆளா இல்ல? கண்ணை மூடி உட்காரத்தான் ஆள் இல்ல. முடியாதுன்னு எழுதிப் போடுங்கண்ணே,” என்றார் அம்மா.

செயலாளர் பேனாவைத் திறந்தார். ‘மதிப்பிற்குரிய’ வரை ஓடி, அங்கேயே படுத்துக்கொண்டது.

“ஆமா, அந்த ஆள் அப்புறம் சாப்பிட்டாரா?”

“இல்லம்மா. எனக்கு இங்க வந்து உட்கார நேரமாயிடுச்சு.”

நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கையில் கண்டு நின்றது. “ஒருத்தரைப் பசியோட அழவிட்டுட்டு எப்படிண்ணே உட்கார்ந்தீங்க?”

“உட்காரத்தான் முடிஞ்சது. கண்ணை மூடினா அவர் அழறார்.”

யாரும் வாய் திறக்கவில்லை. “ஒன்பது மணி எப்பவோ அடிச்சாச்சே?” என்றார் மைத்துனர்.

“நான் வரமாட்டேன், என் இடம் இதுதான்,” என்றார் அம்மா கடைசியில். “நீங்க போங்க. போனா வாயைத் திறந்து பேசுங்க. மௌனம் போச்சுன்னு உங்க பாயை நான் சுருட்டிட மாட்டேன்.”

செயலாளர் எழுதினார்: “நாளைக் காலை முதல் ஒருவர் வருவார். பேசுவார்.”

“பேச ஆரம்பிச்சா நிறுத்துறது உங்க பொறுப்புன்னும் சேருங்க மச்சான். ஒன்பது மணிக்கு மேல நாங்க படுற பாடு அவங்களுக்குத் தெரியுமா?”

செயலாளர் சிரிக்காமல் அதையும் சேர்த்தார். உறையின் ஓரத்தை நனைத்து ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு தடவை நீவிக் கொடுத்தார். மைத்துனர் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கீழே இறங்கி வண்டியை உதைத்தார்.