இடது பக்கத்துப் பெட்டி

அப்பா முப்பத்தோரு வருஷம் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிரஸ் மெஷின் போட்ட சத்தத்தில் இடது காது அடியோடு போய்விட்டது. ஓய்வு பெற்றதும் அவருக்கு இருந்த ஒரே ஆசை, வீட்டில் ஒரு நல்ல ஸ்டீரியோ. நான் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தபோது, தானே போய் வாங்கிவிட்டுப் போன் பண்ணினார்.

"கடைக்காரர் தங்கமான மனுஷன்மா. ரூம் எவ்வளவு பெருசு, யார் கேக்கப் போறாங்கன்னு டாக்டர் மாதிரி விசாரிச்சார். நான் மட்டும்தான், அதுவும் இடது காது கேக்காதுன்னு சொன்னேன். 'உங்களுக்குன்னே ஒரு செட் இருக்கு'ன்னு உள்ள போய் எடுத்துட்டு வந்தார். விலையும் குறைச்சார்."

பத்து நாள் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது பெட்டிகள் மேல் துணி போர்த்தியிருந்தது.

"என்னப்பா, அதுக்குள்ள சலிச்சுப்போச்சா?"

"செட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் மங்கலா கேக்குது. மிச்சமிருக்கிற காதும் கிளம்பிடுச்சு போல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

துணியை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். வலது பெட்டி கணீரென்று பாடியது. இடது பெட்டி, வாயில் துண்டை வைத்து அடைத்த ஆள் மாதிரி முனகியது. வயர்களை மாற்றிச் செருகிப் பார்த்தேன். அப்போதும் அதே பெட்டிதான் முனகியது. தூக்கிக் கவிழ்த்தேன். அடியில் சர்வீஸ் சென்டர் சீட்டு ஒன்று, பாதி கிழித்து மீதி ஒட்டியபடி இருந்தது. 'மேல் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை.' அப்பா வாங்குவதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி.

தெரிந்தேதான் கொடுத்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பழுதான பெட்டியைக் கொடுத்ததைவிட, பத்து நாளாக இந்த மனுஷன் தன் காதைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதுதான் தாங்கவில்லை.

வேண்டாமென்று சொல்லியும் அப்பா கூடவே வந்தார். கடையில் ஒரு கணவனும் மனைவியும் ஏதோ செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியை மேஜைமேல் கவிழ்த்து வைத்ததும் கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சுற்றி வந்து அப்பாவுக்கு இடது பக்கமாக நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாதீங்க மேடம். பெரியவருக்குத்தான் இந்தப் பக்கம் கேக்காதே, அவருக்கு இதுல என்ன நஷ்டம்? விலை குறைச்சுத்தானே குடுத்தேன்?"

"என்னம்மா சொல்றார்?" என்றார் அப்பா.

ஒன்றுமில்லை என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் மழுப்பினால் நானும் அந்த ஆளோடு சேர்ந்துகொண்ட மாதிரிதான். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், கடை முழுக்கக் கேட்கும்படி, அப்பாவின் வலது காதுக்குச் சொன்னேன்.

அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"கடைசி எட்டு வருஷம் தகடு சரிபார்த்து அனுப்புறதுதான் என் வேலை. கோணலானதைத் தனியா ஒதுக்கிடுவேன். வாங்குறவனுக்குக் கண்ணு தெரியாது, இதை அவன் தலையில கட்டிடலாம்னு எனக்கு ஒருநாளும் தோணினதில்ல. உங்களுக்கு எப்படிய்யா தோணிச்சு?"

அந்த மனைவி, கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். கடைக்காரர் அவசரமாக, பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"வேண்டாம்," என்றார் அப்பா. "இதுல எதைப் போட்டாலும் எனக்கு உங்க குரல்தான் கேக்கும்."

கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

மறுவாரம் இன்னொரு கடைக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கடைக்கார அம்மா கேட்டதற்கெல்லாம் அப்பா பதில் சொன்னார், காதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அந்த ஆள் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டான். காது விஷயத்தை நான்தான் சொன்னேன்.

அந்த அம்மா துளிகூடத் தயங்கவில்லை. "அப்படியா ஐயா? இந்தப் பொத்தானை அமுக்குங்க. ரெண்டு பக்கத்துச் சத்தமும் ஒண்ணாச் சேர்ந்து வரும். எந்த வாத்தியமும் உங்களுக்கு விட்டுப்போகாது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்குங்க. வீட்டுல ஒரு வாரம் வச்சுக் கேளுங்க, பிடிச்சா எடுத்துக்கலாம்."

அப்பா பொத்தானை அமுக்கினார். அதை வெளியே எடுத்துவிட்டுக் கேட்டார். மறுபடி அமுக்கினார். "அட!" என்றார்.

அந்தச் செட்தான் இப்போது வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறது. அவருக்குக் கோபமெல்லாம் ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. அந்த ஆள் கடையிலும் இந்தப் பொத்தான் வைத்த செட் ஒன்றாவது இருந்திருக்கும். எடுத்துக் காட்ட அரை நிமிஷம் ஆகியிருக்காது. அதை விட்டுவிட்டு, உள்ளே போய், மெனக்கெட்டுத் தேடி, கெட்டுப்போனதை எடுத்து வந்திருக்கிறான்.